உள்ளூர்க் கூட்டம்

'இரவைக்கு உள்ளூர்க் கூட்டம் பார்ப்பம், வாங்கோ மிஸ்' என்று
கமலரூபன் சொன்னபோது
எத்தனை மணிக்கு, எந்த மண்டபம்,
மாதர் சங்கமா கமக்காரர் அமைப்பா என்று கேட்டேன்.
பன்னிரண்டு வருடமாக ஜீ.எஸ். வேலை.
கூட்டம் என்றால் எனக்குக்
கதிரை, வரவுக் கையொப்பம், பால் தேத்தண்ணி.

அவன் குழாய்க்கிணறு அடிக்கிறவன்.
மல்லாவியில் பாதி வீட்டுத் தண்ணீர் அவன் துளைத்தது.
மிஞ்சிய ஆறங்குலக் குழாயில் ஆடி பொருத்தி
வவுனிக்குளத்து அணைக்கட்டில்
வாயை மேலே நிமிர்த்தி வைத்திருந்தான்.
துணுக்காய்ப் பக்கம் யானை கம்பத்தைச் சாய்த்ததில்
அன்றைக்குக் கரண்ட் இல்லை.
சித்திரை. ஒன்பதரை மணி.
இடாப்பில் ஏறாத வானம்
கொட்டிக் கிடந்தது.

நாங்கள் இருப்பதுதான் உள்ளூர்க் கூட்டமாம்.
பெரிய வீடு இரண்டு: பால்வீதி, அந்திரமேடா.
நடுத்தரம் ஒன்று.
மிச்சம் ஐம்பதோ எண்பதோ,
தாழ்வாரத்தில் ஒட்டிக்கொண்ட குடித்தனங்கள்.
'குடும்பத் தலைவர் ஆர்?' என்றேன்.
'அதிலதான் வழக்கு' என்றான்.

வடக்கே, பாலை மரத்தின் தலைக்கு மேலே
இன்னொரு கூட்டம்.
ஒரு கோடியே இருபது இலட்சம் ஒளியாண்டு.
எனக்குத் தெரிந்தது இரண்டு பஞ்சு.
ஒன்று உருண்டை, மற்றது கீறல்.
பெரியது உரசிப் போனதில்
சின்னதின் அடுப்புப் பற்றிக்கொண்டதாம்,
இன்னும் விண்மீன் விண்மீனாய்ப் பொரிகிறதாம்.
எல்லைத் தகராறு என்று எழுதலாம்.

தென்கிழக்கில் கறுப்புப் பட்டி கட்டிய ஒன்று.
அது விழுங்கிய வீட்டின் தூசிதான் அந்தப் பட்டி.
உச்சிக்குக் கிட்டக் கன்னி.
அது ஊரில்லை, பட்டணம், ஆயிரத்துக்கு மேல்.
கொழும்பைப் பார்ப்பதுபோலப் பார்த்து
விலகிக்கொண்டேன்.

கிட்டடிக் கூட்டமெல்லாம்
ஒரே பாயில் படுத்த மாதிரித்
தட்டையாய்க் கிடக்கிறதாம்.
பாய் நீண்டுகொண்டே போகிறது.
கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வெளி விரியும்,
கூட்டத்துக்குள் விரியாது.
உள்ளே பாரம் பிடித்துவைத்திருக்கிறது.

'ஆர் ஆர் ஒரு கூட்டம் எண்டு
எப்படி முடிவெடுக்கிறாங்கள்?'
'பக்கத்தில தெரியிறது கணக்கில்லை.
விட்டால் போகுமா, போகாதா. அதுதான்.'

என் படிவத்தில் அந்தக் கூடு இல்லை.
அறுபத்துமூன்றாம் இலக்கக் குடும்பம்:
ஒருவன் பாரிஸ், ஒருவன் பிரம்டன்,
ஒருத்தி இங்கே, அதே கிணற்றடியில்.
நிரந்தர வதிவு ஒன்று
என்று எழுதியிருக்கிறேன்.

குழாய்வாயைச் சாக்கால் மூடிய பிறகு
அவன் சொன்னதுதான் நித்திரையைக் கெடுத்தது.
இன்னொரு கூட்டம் இருக்கிறதாம்.
இதே கிட்டடி, ஏறக்குறைய இதே தூரம்.
போன நூற்றாண்டின் அறுபதுகள் வரைக்கும்
அது என்னவென்று ஆருக்கும் தெரியாது.
தூரத்தால் அல்ல.
எங்கள் பால்வீதியின் தூசி
நேர் குறுக்கே நிற்கிறது.
செங்கீழ் ஒளியில் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

'அதுவரைக்கும்?'
'இருந்தது மிஸ்.
நாங்கள் எங்கட புழுதிக்குள்ளால
பார்த்துக்கொண்டிருந்தம்.'

காலையில் கந்தோர். இடாப்புத் திருத்தும் மாதம்.
முதல் ஆளாய் இராசமலர்.
வருடாவருடம் அதே படிவம்,
நாலாவது வரியில் அதே பெயர்.
வயதை மட்டும் ஒவ்வொன்றாய்க் கூட்டி எழுதுவாள்.
இந்த முறை முப்பத்தெட்டு.
அத்தாட்சி கேட்பேன். இல்லை என்பாள்.
சிவப்புப் பேனையால் ஒரு கோடு.

பேனையை எடுத்தேன்.
மூடியைக் கழற்றவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.
மேலே விசிறி சுழன்று
மேசையில் இருந்த படிவமெல்லாம் பறந்து
நிலமெங்கும் சிதறின.
அவளும் குனிந்தாள், நானும் குனிந்தேன்.
எந்தத் தாள் எந்த வீட்டோடு என்று
ஒவ்வொன்றாய் வாசித்து
அடுக்கிக்கொண்டிருந்தோம்,
வெளியில் வரிசை வளர்ந்தது.